மனுவின் கடைசி வரி

பண்டகசாலைச் சந்து,
மட்டாஞ்சேரி, கொச்சி.
23 மார்ச் 1986, ஞாயிறு

அன்பு மகள் பாக்கியத்துக்கு அப்பா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, முழங்கால் வலி போன மாதம் இருந்த அளவில்தான் இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். உன் கடிதமும் ஏப்ரல் பதினாறாம் தேதிக்கான ரயில் டிக்கெட்டும் பதிவுத் தபாலில் இந்த மாதம் பதினோராம் தேதி செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தன. பன்னிரண்டு நாள் பதில் போடாமல் இருந்தது தப்பு, ஆனால் சும்மா இருக்கவில்லை. பன்னிரண்டாம் தேதியே, வருகிறேன், வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு உன்னோடேயே இருந்துவிடுகிறேன் என்று ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். அது இன்னும் மேசை டிராயரில்தான் கிடக்கிறது, தபால் பெட்டிக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதை முதலிலிருந்து சொல்லிவிட்டு, வருவேனா மாட்டேனா என்பதையும் இந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் கோபம் வந்தாலும் முழுக்கப் படி, அம்மா.

உங்கள் ஆலைக் குடியிருப்பு செக்டாரைப் பற்றி நீ நான்கு பக்கம் எழுதியிருந்ததை மூன்று தடவை படித்தேன். வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் பூங்கா, அதைத் தாண்டிப் பள்ளிக்கூடம், பால் பூத், கூட்டுறவுக் கடை, ஆலை ஆஸ்பத்திரி, சாயங்காலம் பெண்கள் உட்கார்ந்து பேசுவதற்கு சிமெண்டு பெஞ்சு, இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் என்று எழுதியிருந்தாய். குழந்தை குட்டியோடு இருக்கிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும், மாப்பிள்ளையின் உழைப்புக்குக் கிடைத்த இடம், எனக்கு அதில் பெருமைதான். அப்பாவுக்கு அங்கே என்ன வசதி இருக்கிறது என்று ஒரு வரி கேட்டிருந்தாய். வசதி இருக்கிறது. நம் வாசலிலிருந்து ரேஷன் கடை நாலு நிமிஷ நடை, படகுத் துறை ஏழு நிமிஷம், படகில் ஏறினால் வெலிங்டன் தீவில் நின்று எர்ணாகுளம் போக அரை மணிக்குள். தபால் ஆபீஸ் உனக்குத் தெரிந்த இடத்திலேயே இருக்கிறது. டாக்டர் ஒருவர் மரக்கடைக்கு மேலே மாடியில் பார்க்கிறார், படிதான் பதினெட்டு. வாசகசாலையில் தமிழ்ப் பத்திரிகை ஒன்று வருகிறது, மறுநாள் வருகிறது. சந்தில் சோடியம் விளக்கு போட்டிருக்கிறார்கள், சாக்கடைக்கு சிலாப் மூடியாகிவிட்டது, கொசு மட்டும் பழைய கொசுதான். போன செப்டம்பரிலிருந்து பதினோரு வீட்டுக்கும் வீட்டுக்குள்ளேயே குழாய். அரும்பாடு பட்டு வாங்கிய அந்தக் குழாய்தான் இந்தக் கடிதத்தின் விஷயம்.

அதற்கு முன்னால் இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். நீ போன தீபாவளிக்குக் கேட்டாய், தனியாகக் கஷ்டமாக இருக்கிறதா என்று. இல்லை என்று எழுதினேன். அது சரியான தகவல் இல்லை. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து படுக்கப் போகும் வரை நான் பிறரோடு பேசிய வார்த்தைகளை எண்ணிப் பார்த்தேன், பழைய பத்திரிகைத் தொழில் புத்தி. பால்காரரிடம் இரண்டு, தபால்காரரிடம் ஐந்து, கடையில் ஏழு, ஆக மொத்தம் பதினான்கு. எல்லோரும் நல்லவர்கள், எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். ஆறு வீட்டில் டெலிவிஷன் வந்துவிட்டது, நாலு வீட்டில் பிள்ளைகள் கல்ஃபில், பெரியவர்கள் மட்டும். வெயில் தாழ்ந்த பிறகு நான் சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தால் நூற்றுப் பன்னிரண்டு அடி, அந்த ஆறு வீட்டுக்குள்ளும் ஒரே குரல் செய்தி படிக்கிறது, அதைத் துண்டு துண்டாகக் கேட்டுக்கொண்டே போய்த் திரும்பி வருகிறேன்.

தெருக் குழாய் இருந்தபோது இப்படி இல்லை. உனக்கு நினைவிருக்கும், நீயும் பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு நின்றவள்தான். காலை ஐந்திலிருந்து ஏழு வரை தண்ணீர், சந்து முனையில் ஒரே குழாய், வரிசை யாருக்கு எங்கே என்பது வீட்டுக்கு வீடு நிச்சயம். முதலில் வந்தவர் முதலில் என்கிற கதையே நம் சந்தில் கிடையாது. கமலாக்ஷி டீச்சர் குடம், அதற்குப் பின்னால் உன் அம்மா குடம், அதற்குப் பின்னால் பேச்சி குடம். ஆள் வர நேரமானாலும் குடம் நின்றால் போதும், ஊருக்குப் போயிருந்தால் அந்த அளவுக்கு இடைவெளி விட்டு அடுத்த குடத்தை வைப்பார்கள், யாரும் முன்னால் தள்ள மாட்டார்கள். உன் அம்மா போய்ப் பதினாறாம் நாள் கழிந்து நான் முதல் முறையாகக் குடத்தை எடுத்துக்கொண்டு போனபோது, நாலு மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக நாங்கள் வராத இடத்தில், டீச்சர் குடத்துக்கும் பேச்சி குடத்துக்கும் நடுவில் ஒரு குட அகலத்துக்குத் தரை காலியாக இருந்தது. குடத்தை அங்கே வைத்தேன். ஆண்பிள்ளை ஒருவன் குழாயடியில் நிற்பது அவர்களுக்கு இரண்டு நாள்தான் கூச்சமாக இருந்தது. மூன்றாம் நாள் டீச்சர், "பத்ரக்காரன் சேட்டன் குடம் பிடிக்கான் படிச்சு, இனி நாளைப் பேப்பரில் போட்டோ வரும்" என்று நான் குடம் பிடிக்கக் கற்றுக்கொண்டதைக் கேலி செய்தார். பேச்சி சும்மா இருப்பாளா, "அண்ணாச்சி, குடத்துக்கு வாய் மேல இருக்கு, பேனா மாதிரி கவுத்துப் பிடிக்காதீய" என்றாள். வைப்பின் தீவிலிருந்து மீன் கொண்டு வருகிறவள், நாம் சைவம் என்று தெரிந்தும், "பிள்ளைச் சேட்டனு ஒரு சாள வேண்டே" என்று சாளை மீனைக் காட்டித் தினமும் கேட்டுவிட்டுச் சிரிப்பாள். முப்பத்தொரு வருஷம் கப்பல் வந்த செய்தியும் மிளகு விலையும் எழுதிக்கொண்டு இந்தச் சந்தில் குடியிருந்தேன், சந்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று அந்த மூன்று வருஷத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த வரிசையில் நின்றபோதுதான் வீட்டுக்கு வீடு குழாய் வேண்டும் என்ற பேச்சு வந்தது. டீச்சருக்கு முதுகு வலி, கடைசி வீட்டு மருமகள் ஏழு மாதத்தோடு குடம் தூக்கினாள், எழுதத் தெரிந்தவர் நீங்கள்தானே என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எண்பத்துநாலு ஆகஸ்டில் மனு எழுதினேன். நல்ல மனு. சந்தில் நகரசபைக் கதவு எண் உள்ள வீடுகள் பதினொன்று, ஆட்கள் ஐம்பத்துநாலு, குழாய்க்கும் கடைசி வீட்டுக்கும் உள்ள தூரம், தண்ணீர் வரும் நேரம், நிற்காமல் வந்த நாள், வராத நாள் எல்லாம் கணக்காகப் போட்டேன். முடிக்கும்போது, தனி இணைப்புக் கிடைத்துவிட்டால் இந்தச் சந்தில் தெருக் குழாயே தேவைப்படாது, அதைத் தாகத்தோடு இருக்கும் வேறொரு தெருவுக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒரு வரி எழுதினேன். எழுதியபோது அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வாசித்துக் காட்டினேன், டீச்சர் ஆகா என்றார். நான் வேலையில் இருந்த காலமெல்லாம் இப்படி ஒரு கடைசி வரி எழுதுவேன், மதுரைப் பத்திரிகை ஆபீஸ் மேசையில் உட்கார்ந்திருந்த வெங்கிடேஸ்வரன் அதை ஒவ்வொரு தடவையும் வெட்டிவிடுவார். கண்ணால் பார்த்தது முடிந்த இடத்தில் செய்தி முடிந்துவிட்டது, அதற்குமேல் நீர் எழுதுவது உம்முடைய அழகுக்கு என்பார். எனக்கு அவர்மேல் அந்தக் காலத்தில் வருத்தம்கூட உண்டு. இந்த மனுவை வெட்ட மேசையில் ஆள் இல்லை, அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒரு வருஷம் அலைந்தேன், செப்டம்பரில் இணைப்பு வந்தது. அன்று டீச்சர் பாயசம் வைத்துப் பதினோரு வீட்டுக்கும் கொடுத்தார், நான்கூட அடுக்களையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன், உன் அம்மா பார்க்கவில்லையே என்று இருந்தது. மறுநாள் காலை ஐந்து மணிக்கு வழக்கம்போல விழிப்பு வந்து குடத்தைக் கையில் எடுத்துவிட்டேன். வாசல்படி வரை போன பிறகுதான் போக வேண்டியதில்லை என்பது நினைவுக்கு வந்தது. சந்து முனையைப் பார்த்தேன், பேச்சியும் இன்னும் இரண்டு மூன்று பேரும் மட்டும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இணைப்பு வரவில்லையே என்று அப்போதாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. எனக்குத் தோன்றியதெல்லாம் இனி நான் அங்கே நிற்க முடியாது என்பதுதான். வீட்டில் குழாய் உள்ளவர் தெருக் குழாயில் குடம் வைக்கக்கூடாது என்பது அந்த வரிசையின் சட்டம், அதை மீறிப் பேச்சுத் துணைக்காகப் போய் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. பதினோரு வீட்டிலும் குழாய் உள்ளே போனதோடு ஆட்களும் உள்ளே போய்விட்டார்கள்.

பேச்சியை உனக்குத் தெரியும், முகம் நினைவிருக்கிறதோ என்னவோ. சங்கரன்கோவில் பக்கம், பிச்சை என்கிற புருஷனோடு இங்கே வந்தவள், அவர் இப்போது இல்லை. சந்தின் முனையில் பழைய பண்டகசாலை இருக்கிறதே, அதன் பின்பக்கம் மூன்று அறைகளாகத் தடுத்து விட்டிருக்கிறார்கள், அதில் ஒன்றில் இவள், ஒன்றில் மாடத்தி, ஒன்றில் ஒரு குடும்பம், ஆக ஒன்பது பேர். பண்டகசாலைக்குத்தான் கதவு எண், அறைகளுக்கு இல்லை. நான் மனுவுக்காக வீடுகளை எண்ணியபோது கதவு எண்ணைப் பார்த்துப் பார்த்து எண்ணிக்கொண்டு போனேன், கண்ணுக்கு முன்னால் தினமும் பேச்சியின் குடம் எனக்குப் பின்னால் நின்றும் அவளுடைய கதவை எண்ணவில்லை. வரிசையில் பதினான்கு குடம் நின்றன. காகிதத்தில் பதினொன்று என்று எழுதினேன். இதைவிடப் பெரிய தப்பை முப்பத்தொரு வருஷத்தில் நான் பத்திரிகையில் செய்ததில்லை.

பிப்ரவரி பதினெட்டாம் தேதி இரண்டு பேர் கைவண்டியோடு வந்து தெருக் குழாயைக் கழற்றி, துவாரத்தை அடைத்து, மேலே சிமெண்டு பூசிவிட்டுப் போனார்கள். பேச்சியும் மாடத்தியும் வேலைக்குப் போயிருந்த நேரம். சாயங்காலம் பேச்சி வந்து பார்த்துவிட்டு என் வாசலில் வந்து நின்று, "அண்ணாச்சி, குழாயக் காங்கல, ஏதும் செய்தி உண்டா" என்று கேட்டாள். திருட்டுப் போய்விட்டது என்றே இரண்டு பேரும் நினைத்தோம். மறுநாள் காலை குழாய் ஆபீசுக்குப் போனேன், அங்கே ஓவர்சியர் நாணு, நமக்குப் பழக்கமானவர், மரியாதையாக நாற்காலி போட்டார். கோபத்தில் நான் சத்தம் போட்டுவிட்டேன். அவர் ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்து, "சாரே, இது நிங்ஙள் எழுதியதல்லே" என்று கேட்டபடி என் கையெழுத்தைக் காட்டினார். அந்தக் கடைசி வரிக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டு யாரோ மேலதிகாரி ஒப்புதல் எழுதியிருந்தார். "எல்லாவரும் குழாய் வேணம் என்று எழுதும், குழாய் வேண்டா என்று எழுதியது ஆத்யமாயிட்டு சார் ஆணு" என்றார். குழாய் வேண்டாம் என்று எழுதிய முதல் ஆள் நான்தானாம், அவர் கிண்டலாகச் சொல்லவில்லை, மெச்சித்தான் சொன்னார். அந்தக் குழாயை முந்தின நாளே இன்னொரு தெருவுக்குக் கொடுத்தும் விட்டார்களாம், அங்கே தண்ணீரும் வந்துவிட்டது, திரும்ப எடுக்க முடியாது. நான் எழுதியபடியே செய்திருக்கிறார்கள், அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை.

பேச்சிக்குச் சுக்குக் கிடங்கில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை சுண்ணாம்பு பூசிய சுக்கைச் சல்லடையில் போட்டுச் சலித்து எடுக்க வேண்டும். அந்தத் தூசி கழுத்திலும் கை மடிப்பிலும் ஏறினால் எரியும், வந்த உடனே தலையோடு குளித்தால்தான் அடங்கும். ஒரு குடம் குடிக்க, ஒரு குடம் சமைக்க, இரண்டு குடம் அந்த எரிச்சலுக்கு. குழாய் போன பிறகு மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள தெருக் குழாய்க்குப் போனார்கள், அங்கே வரிசை வேறு, இவர்களுக்கு இடம் இல்லை, எல்லோரும் பிடித்து முடித்தபின் மிச்சம் இருந்தால் பிடிக்கலாம். ஒருநாள் அங்கே ஒருத்தி மாடத்தியின் குடத்தை உருட்டிவிட்டு, "ஆ, நிங்ஙளுடெ சந்தில் எல்லாரும் வலிய ஆள்க்காரல்லே, வீட்டில் குழாய் உண்டல்லோ" என்று, பெரிய மனுஷர்களுக்கு இங்கே என்ன வேலை என்கிற மாதிரி கேட்டாளாம். இதைப் பேச்சி என்னிடம் சொன்னபோது அவள் கழுத்தில் சிவப்பாகத் தடித்திருந்தது. நான் மனுவைப் பற்றிச் சொன்னேன், ஒளிக்கவில்லை, என் வரியால்தான் போயிற்று என்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எழுத்து அவ்வளவு வேல செய்யும்னா, கூட ஒரு வரி எழுதி எனக்கு ஒரு ஆம்பளைப் பிள்ளையும் கேட்டிருக்கலாம்லா அண்ணாச்சி" என்று சொல்லிச் சிரித்தாள். நான் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டில் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னாயா என்று நீ கேட்பாய். சொன்னேன், டீச்சரும் சொன்னார், டீச்சர் வீட்டில் பேச்சி நாலு நாள் எடுத்தாள். பிறகு நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "கேட்டு வாங்கின தண்ணியில குளிச்சா குளிச்ச மாதிரி இல்ல அண்ணாச்சி. கதவத் தட்டணும், அவுங்க எழும்பணும், நான் சிரிக்கணும். வரிசையில நின்னு பிடிச்சா அது எந் தண்ணி" என்றாள். உன் டிக்கெட் வந்தது இந்த நேரத்தில்தான். உண்மையைச் சொன்னால் எனக்கு அது தப்பிக்கிற வழியாகத் தெரிந்தது. அங்கே பேத்தி தமிழ் பேசுவாள், நீ இருப்பாய், பதினான்கு வார்த்தைக் கணக்கு முடிந்துவிடும். அன்று எழுதியதுதான் டிராயரில் இருக்கிற கடிதம். சாமான்களைக்கூட ஒரு சாக்கில் கட்டத் தொடங்கினேன், உன் அம்மாவின் பித்தளைக் குடம், படகுத் துறைப் படியில் நீ போட்டு நசுக்கியதே, அதைத்தான் முதலில் வைத்தேன்.

ஒட்டிய உறையைப் பையில் வைத்துக்கொண்டு பதின்மூன்றாம் தேதி தபால் ஆபீசுக்கு நடந்தபோது எதிரே பேச்சி மார்க்கெட் பக்கமிருந்து காலிக் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். மணி ஏழேகால், அவள் ஏழரைக்குக் கிடங்கில் இருக்க வேண்டும். என்னைப் பார்த்துக் குடத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். நான் தபால் ஆபீசுக்குப் போகவில்லை, நேராகப் பிளம்பர் ராசப்பன் கடைக்குப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அடுக்களைக் குழாயிலிருந்து ஒரு கிளை எடுத்து, முன்சுவரில் துளை போட்டு, சந்துப் பக்கம் ஒரு குழாய் வைக்கச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, "சேட்டா, குழாய் அகத்துக் கேற்றான் ஆளுகள் கெஞ்சும், நிங்ஙள் புறத்து வைக்கான் பறயுன்னு" என்றார், ஊரெல்லாம் உள்ளே வைக்கக் கெஞ்சும்போது நான் வெளியே வைக்கச் சொல்கிறேனாம். அரை நாளில் முடிந்துவிட்டது. கீழே குடம் வைக்க ஒரு கல்லும் போட்டேன். வெளியே இருக்கிற குழாய், யாரையும் எழுப்ப வேண்டாம், யாரையும் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நாணுவைப் போய்ப் பார்த்து இதையும் நானே சொல்லிவிட்டேன். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, கண்ணை மூடிக்கொள்கிறேன் என்றார், நான் இங்கேயே குடியிருக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையோடு. "வீட்டுக்காரன் இவிடெ தாமசிக்கணம். பூட்டிய வீடானால் இணைப்பு கட் செய்யும், அது என்னால் தடுக்கான் பற்றில்ல." தெருக் குழாய் மறுபடி வேண்டுமென்றால் புதிதாக மனு, புதிதாக ஆள் வந்து பார்ப்பது, அதெல்லாம் மழைக்காலம் கழிந்துதான். வாடகைக்கு விடலாமே என்று நீ எழுதியதையும் யோசித்தேன். தரகர் ஒரு பாங்கு உத்தியோகஸ்தரைக் கூட்டி வந்தார், நல்ல குடும்பம், வீடு பிடித்துப்போயிற்று, வெளிச்சுவர்க் குழாயைப் பார்த்துவிட்டு, இதை அடைத்துத் தந்தால் மறுநாளே வருகிறேன் என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான், நான் முடியாது என்று அனுப்பிவிட்டேன்.

புது மனு எழுதியாகிவிட்டது. இந்தத் தடவை மூன்று அறைக்குள்ளும் போய் உட்கார்ந்து ஆட்களை எண்ணினேன், பெயர் கேட்டு எழுதினேன், பேச்சி சாயா போட்டுக் கொடுத்தாள், அது யார் வீட்டுத் தண்ணீர் என்று நான் கேட்கவில்லை. ஒன்பது பேர், மூன்று அறை, கதவு எண் இல்லை, தெருக் குழாய் வேண்டும், இவ்வளவுதான் மனு. டீச்சரிடம் வாசித்துக் காட்டியபோது, "ஒன்றும் எழுதாதது போலிருக்கிறதே, முடிவில் ஏதாவது சேர்க்க வேண்டாமா" என்றார். வேண்டாம் என்றேன்.

ஆகவே, பாக்கியம், பதினாறாம் தேதி வண்டிக்கு நான் வரவில்லை. டிக்கெட்டை இத்தோடு வைத்திருக்கிறேன், நாள் இருக்கும்போதே மாப்பிள்ளையிடம் கொடுத்துத் திருப்பிவிடச் சொல். அப்பாவுக்கு அங்கே ஆள் கூட்டம், நம்மை வேண்டாம் என்கிறார் என்று நினைத்துவிடாதே. இங்கே எனக்கு இப்போதும் பேச ஆள் இல்லை. குழாயடியில் நிற்பது மூன்று பேர், வேலைக்கு ஓடுகிறவர்கள், குடம் நிரம்பியதும் போய்விடுகிறார்கள், ஆறு மணிக்குச் சந்து மறுபடி காலி. அதன் பிறகு நாள் முழுக்க நான்தான். உன் வீட்டில் இருந்தால் இதைவிட நன்றாகத்தான் இருக்கும், அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். தெருக் குழாய் திரும்பி வந்த மறுநாள் நானே வண்டி ஏறி வருகிறேன், அது அக்டோபரோ நவம்பரோ, இன்றைக்கு என்னால் தேதி சொல்ல முடியாது.

மாப்பிள்ளைக்கு இருமல் இருக்கிறது என்று எழுதியிருந்தாய், ஆலைப் புகையில் நிற்கிறவர், இரவில் பனிக்காற்றில் நடக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். கிடங்கிலிருந்து நல்ல சுக்கும் மிளகும் பொட்டலம் கட்டி அடுத்த வாரம் அனுப்புகிறேன், சுக்கு சுண்ணாம்பு பூசாதது, பேச்சி பொறுக்கிக் கொடுத்தது. நீ காலையில் சாப்பிடாமல் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட ஓடாதே, போன தடவை போட்டோவில் கழுத்தெலும்பு தெரிந்தது. பெரியவன் இந்தியில் எழுதிய இரண்டு வரியைத் தபால்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லித் தெரிந்துகொண்டேன். வாரத்தில் ஒருநாளாவது தமிழில் ஒரு பக்கம் எழுத வை, தப்பாக இருந்தாலும் எனக்கு அனுப்பு.

இன்று காலை நடந்ததையும் எழுதிவிடுகிறேன். புதுக் குழாயில் தண்ணீர் விட்ட முதல் நாளிலிருந்தே பேச்சி தன் குடத்தைக் குழாய்க்கு நேர் கீழே வைக்காமல் ஒரு குட அகலம் தள்ளித்தான் வைக்கிறாள், அவளுக்குப் பின்னால் மாடத்தி, அதற்குப் பின்னால் அந்தக் குடும்பத்துக் குடம். தண்ணீர் வந்த பிறகுதான் நகர்த்துகிறார்கள். கல் சரியாக இல்லையோ என்று நினைத்து இரண்டு தடவை கல்லை நகர்த்திப் போட்டேன், அப்படியும் தள்ளியே வைத்தாள். இன்று கேட்டுவிட்டேன். "அது அக்கா இடம்லா. டீச்சர் இப்ப வாறதில்ல, அப்போ அக்காதான் முதல்ல. நீங்க பிடிச்ச பொறவுதான் நாங்க" என்றாள், அக்கா என்றது உன் அம்மாவை. எனக்கு உள்ளேயே குழாய் இருக்கிறதே என்றேன். "இருக்கட்டும். குழாய் உள்ளவுக குடம் வைக்கப்பிடாதுங்கிறது தெருக் குழாய்க்கு. இது உங்க குழாய்லா. வரிசைன்னா வரிசை" என்றாள். நான் உள்ளே போய்ச் சாக்கை அவிழ்த்து உன் அம்மா குடத்தை எடுத்து வந்து அந்த இடத்தில் வைத்துவிட்டு, என் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவதற்காக மற்ற மூன்று பேரோடு நின்றுகொண்டிருந்தேன். ஐந்து மணி பத்து நிமிஷத்துக்கு வந்தது.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும், உன் அம்மாவின் ஆசியும் என் ஆசியும் உங்களோடு இருக்கும். டிக்கெட்டைத் திருப்ப மறந்துவிடாதே. இதற்குமேல் ஒரு வரி எழுதினால் அது அழகுக்கு எழுதியதாகிவிடும், நிறுத்துகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
நல்லசிவம்